ஏலக்காட்டில் நின்ற நேரம்

விடியப்புறம் ஐந்தரை. திகன சந்தியில் நண்பர்கள் நால்வரும் வேன் ஏறினோம். பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஒன்றாகப் போகும் முதல் பயணம். ஆனாலும் யாரும் அதிகம் பேசவில்லை.

வழியில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மேல் பனி படுத்திருந்தது. அந்தத் தண்ணீரின் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. 1985இல் திறந்த அணைக்காக மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும். அம்மாவின் கலியாணச் சேலையை அந்த நகரத்தில்தான் வாங்கினார்களாம்.

ஹுன்னஸ்கிரியவில் திரும்பி மலை ஏறினோம். நக்கிள்ஸ் மலைத்தொடர். சிங்களத்தில் தும்பர. 1873இலேயே ஐயாயிரம் அடிக்கு மேலான காட்டை வெட்டாமல் காக்க ஒதுக்கி வைத்தார்கள். 2000இல் பாதுகாப்பு வனமாக்கினார்கள். 2010இல் உலக மரபுரிமையில் சேர்ந்தது.

அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு உள்ளே நடந்தோம்.

பெருமரங்களின் கீழ் இன்னும் ஏலச்செடி நிற்கிறது. என் பாட்டி இப்படியொரு காட்டில் காய் எடுத்தவர். ஏலக்காய் கிளையில் தொங்காது. தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். கடைசிவரை பாட்டியின் முதுகு நிமிரவே இல்லை. காய் உலர்த்தும் வாடிகளுக்கு விறகும் காட்டிலிருந்துதான் போனது. நிழலுக்காகப் பெரிய மரங்களை விட்டு, கீழே முளைத்த கன்றுகளையெல்லாம் துப்புரவாக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் காடு முழுசாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு மரம் விழுந்தால் அதன் இடத்துக்கு வர அன்று ஒரு பிள்ளை இருக்கவில்லை.

நான் அந்த ஏலச்செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் துப்புரவில் பாட்டியின் கையும் இருந்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய சோறு அதில்தான் இருந்தது.

"அசையாத, மச்சான்" என்றான் நண்பன், மெதுவாக.

பாசி படர்ந்த தண்டில் ஓர் ஓணான். மூக்கு நுனியில் சின்ன இலை முளைத்ததுபோல ஒரு தசை. இந்த மலைத்தொடரை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். இருபது நிமிடம் அது அசையவில்லை, நாங்களும் அசையவில்லை. மூடுபனி இலைகளில் திரண்டு சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு முன்பும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தண்டின் அடியில், ஏலச்செடிகளுக்கு நடுவே, விரல் உயரத்தில் காட்டு மரக்கன்றுகள். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன், அத்தனை இருந்தன.

மத்தியானம் ரொட்டியும் கட்டச்சம்பலும். சுற்றிய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டோம்.

இறங்கும்போது மீண்டும் நீர்த்தேக்கம். இந்த மலையில் பிறக்கும் ஹுலு கங்கை அதில்தான் போய்ச் சேர்கிறது.

அங்கே போகிறவர்கள் பாதையை விட்டு இறங்காதீர்கள். கன்றுகள் இன்னும் விரல் உயரம்தான்.