மறைப்புக்கு அந்தப் பக்கம்

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளிடம் எல்லோரும் இரண்டு வகைக் கதைகளைத்தான் கேட்கிறார்கள். அழவைக்கிற கதை, சிரிக்கவைக்கிற கதை. இரண்டும் ஒரே கதையாகிப் போன சந்தர்ப்பங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

முதலில் சுலபமானது. குடலிறக்க ஆப்பரேஷனுக்காக வந்திருந்த ஒரு பெரியவரிடம் முந்தின ராத்திரியே சொல்லிவைத்தேன்: “காலையிலே எதுவும் சாப்பிடக்கூடாது தாத்தா.” காலையில் தியேட்டர் வாசலில் விசாரித்தால், நாலு இட்லி. “சாப்பிடலையே தாயி, பலகாரந்தானே பண்ணினேன்.” மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆளே போய்விடலாம். ஆப்பரேஷன் தள்ளிப்போயிற்று. டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று முழுக்க டூட்டி ரூமில் தாத்தாவின் இட்லிதான் பேச்சு. வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது, அவர் தமிழைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார் என்று. சோறு தின்றால்தான் சாப்பாடு. ஒருபொழுது இருக்கிற வீட்டில் சாப்பிடாமல் பலகாரம் பண்ணுவது விரதத்தில் சேர்த்தி. சிரிப்புக்கு உரியவள் நான். சிரித்தது அவரைப் பார்த்து. ஆஸ்பத்திரியில் சிரிப்பு பெரும்பாலும் இப்படித்தான் திசை மாறிப் பாய்கிறது. இதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்பதால் இதைக் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் வைத்திருந்தது வேறு. 1986, நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஒருவர் இறந்துபோனார். கட்டிலைச் சுற்றி மறைப்பை இழுத்துவிட்டு, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்ணோடு நான் உடலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். குழாய்களை எடுத்து, மூக்கில் பஞ்சு வைத்து, நாடிக்கட்டு கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு, முதுகைத் துடைக்கப் புரட்டினோம். புரட்டும்போது நெஞ்சில் தங்கியிருக்கிற காற்று தொண்டை வழியே வெளியேறும். சில உடல்களில் அது முனகல் மாதிரியே கேட்கும். எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. “ஐயோ, மன்னிச்சிருங்கையா” என்று பிணத்திடம் சொல்லிவிட்டுக் கையிலிருந்த பேஸினைப் போட்டாள். முதலில் எனக்குத்தான் சிரிப்பு வந்தது. காரணம் சொன்னதும் அவளுக்கும் வந்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மறைப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள் நின்றிருந்தாள்.

பெர்க்ஸன் 1900-ல் வெளியிட்ட நூலில், உயிருள்ளது இயந்திரம்போல நடந்துகொள்ளும்போது சிரிப்பு பிறக்கிறது என்கிறார். சிரிக்கிற கணத்தில் இதயம் மரத்திருக்க வேண்டும் என்பதும் அவர் கட்சி. எங்கள் விஷயத்தில் இரண்டும் தலைகீழ். உயிர் போனது உயிருள்ளதுபோல நடந்துகொண்டது. இதயம் மரத்திருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. மூன்று ராத்திரி அவருக்குச் சளி எடுத்துவிட்டு, ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தவள் நான். மரத்துப் போயிருந்தால் சிரிப்பு வந்திருக்காது; வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

‘சிரிக்காவிட்டால் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்’ என்பது எங்கள் தொழிலின் வழக்கமான சமாதானம். பொய்யில்லை. ஆனால் அது முழுக்க எங்களைப் பற்றிய வாக்கியம். படுத்திருப்பவர் அதில் எங்குமே இல்லை. ஃபிராய்ட் 1927-ல் ஹாஸ்யத்தைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையில் ஒரு கைதி வருகிறான். திங்கட்கிழமை தூக்குக்குக் கொண்டு போகிறார்கள். வாரம் நன்றாகத்தான் துவங்குகிறது என்கிறான். அந்த ஹாஸ்யத்தின் கம்பீரமெல்லாம் சொல்கிறவன் கழுத்தில் கயிறு விழப்போகிறது என்பதில்தான். காவலாளி அதையே சொன்னால்? நாங்கள் எங்களைக் கைதி ஸ்தானத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். நிற்பதென்னவோ காவலாளி நிற்கிற இடத்தில்.

மேடைமேல் இருந்தவர்களின் ஹாஸ்யத்தையும் கேட்டிருக்கிறேன். பதினாலாம் பெட்டில் ஓர் அம்மாள், புற்றுநோய். பெயரை விட்டு நம்பரைச் சொல்கிறேன், பாருங்கள். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றை ஆராய்ந்து இஸபெல் மென்ஸீஸ் 1960-ல் வெளியிட்ட கட்டுரை, பெட் நம்பராலும் வியாதியாலும் நோயாளியைக் குறிப்பிடுவதை, ஆள்மீது வருகிற வேதனையிலிருந்து நர்ஸுகள் தப்பித்துக்கொள்ளும் வழி என்கிறது. பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த அம்மாளுக்கு டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்திவிட்டேன். எனக்கு வியர்த்துவிட்டது. “இந்தக் கையிலே எதுவும் தங்காது சிஸ்டர், காசும் அப்படித்தான்” என்றார். ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொடுக்கப்பட்டது. அதையே நான் டூட்டி ரூமில் போய்ச் சொன்னபோது வேறொன்றாகிவிட்டதா என்று யோசிக்கிறேன். ஆகவில்லை என்றுதான் படுகிறது. அதற்கு முன்னால் அவர் எனக்குப் பதினாலாக இருந்தார். சொன்னபோது காசு தங்காத அம்மாளாகிவிட்டார்.

ஆகவே நோயாளி காதில் விழும்படி சொல்ல முடிகிற ஹாஸ்யம் சரி, மற்றது தப்பு என்று ஒரு விதி செய்யலாமா? சில காலம் அப்படி வைத்துக்கொண்டிருந்தேன். கூடி வரவில்லை. இறந்தவருக்குக் காது கேட்காது. தாத்தாவின் இட்லியை அவர் முன்னாலேயே, அவர் முகம் சுருங்கச் சுருங்கச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய செவிலியர் நூலில் கண்டிப்பது சத்தத்தைக் காட்டிலும் கிசுகிசுப்பைத்தான். நோயாளியின் அறையிலோ கதவுக்கு வெளியிலோ தாழ்ந்த குரலில் பேசுவதைக் கொடுமை என்றே சொல்கிறார். என்ன பேசுகிறார்கள் என்று நோயாளி முழுமனசையும் காதில் வைத்துத் தவிக்கிறான். முதல்முறை படித்தபோது இது ஏதோ ஆஸ்பத்திரி ஒழுங்கு என்று நினைத்தேன். துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு கிசுகிசுப்பின் ஜாதி.

அன்று நாங்கள் மறைப்பை விலக்கியபோது அந்த மகள் அழுதுகொண்டிருக்கவில்லை. அப்பாவின் மூக்குக் கண்ணாடியையும் டம்ளரையும் ஒரு பையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள். என் வயசுதான் இருக்கும். கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரிக் கேட்டாள்: “எதுக்கு சிஸ்டர் சிரிச்சீங்க?”

“யாரும் சிரிக்கலைம்மா. இது புதுப் பொண்ணு. பயந்துபோய் அழுதுட்டா.”

யோசிக்காமல் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கண்கள் சிவந்து ஈரமாக இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள்.

“பயப்படாதே. எங்கப்பா யாரையும் பயமுறுத்த மாட்டாரு. ரொம்பத் தமாஷான மனுஷன்.”

சொல்லியிருக்கலாம், அப்போதாவது. நான் ரிஜிஸ்டரை நீட்டி, பொருள்களைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டினேன்.