சீட்டில்லாதவர்களின் கணக்கு

விழுப்புரம் சந்திப்பில் வண்டிக்குக் காத்திருக்கும் வேளைகளில் நம் நினைவு தெற்கே ஓடி, கடல் கொண்டுபோன ஓர் ஊரில் போய் நின்றுவிடுகிறது. சென்னை எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் திண்டிவனம், விழுப்புரம் வழியாகவே தனுஷ்கோடிக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை போய்வரலாம் என்று நம் பெரியவர்கள் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ஓடத் தொடங்கிற்று. வண்டியைவிட்டு இறங்கியவர் கப்பலேறுவார். அக்கரையில் மீண்டும் வண்டி. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதில்தான் தனுஷ்கோடி பிழைத்தது. புகைவண்டி நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், மாதா கோயில், பள்ளிக்கூடம், ரயில்வே ஊழியர் குடியிருப்பு என்று மணல்திட்டின் மேல் ஓர் ஊரே எழுந்தது. சுமை தூக்கியவரும் சிற்றுண்டி விற்றவரும் வண்டி வரும் நேரத்தைக் கொண்டே நாளை அளந்தார்கள். இன்று கடைசி நிலையமாக விளங்கும் இராமேசுவரம் அன்று கிளைப்பாதையின் ஊர்தான்!

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து சென்ற 653ஆம் எண் பயணிகள் வண்டியைத் தனுஷ்கோடியை நெருங்கும் தறுவாயில் புயலலை வாரிக்கொண்டது. 110 பயணிகளும் 5 ஊழியர்களும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சீட்டின்றி ஏறியவர்களும் இருந்திருப்பர், ஆகவே மாண்டோர் தொகை இதனினும் கூடும் என்று உடனே சேர்த்துச் சொல்வதும் வழக்கம். சொல்கிறவர்கள் அத்தோடு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். நமக்கோ அவ்விடத்தில் கால் தடுக்கி நிற்கிறது.

சீட்டெடுக்காமல் பயணம் செய்வது தவறு. அதை நியாயப்படுத்த நாம் வரவில்லை. ஆனால் அது சில அணாக்களின் கடன். அதற்காக ஒருவனுடைய மரணம் எண்ணப்படாமல் போவது தகுமா? இறைவனின் ஏட்டில் எழுதப்படாத உயிர் இல்லை என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காட்டி, மனிதர் ஏட்டைச் செம்மையாக வைக்கும் கடமையிலிருந்து நாம் விலகிக்கொள்ள முடியாது. சீட்டு என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான சாட்சி. வாழ்ந்தவனுக்குச் சாட்சி அவன் வீட்டாரும் அண்டை அயலாருமே.

புயலுக்குப் பின் பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிப் பாதை மீண்டும் போடப்படவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அவ்வூரை அறிவித்தது. இதில் அரசைக் குறை கூற நம் மனம் ஒப்பவில்லை. அம்மணலில் மறுபடியும் ஊரைக் கட்டுவது மக்களை அலைக்கு ஒப்புக்கொடுப்பதாகவே முடிந்திருக்கும். ஆயினும் மண்ணைப் பற்றிச் சொன்ன சொல், கடலைவிட்டால் வேறு பிழைப்பறியாது அங்கேயே தங்கிய மீனவர்மீதும் படிந்துவிட்டது. சாலையும் மின்விளக்கும் இன்றிப் பல பத்தாண்டுகள் அவர்கள் வாழ்ந்தார்கள். அரிச்சல்முனைச் சாலை திறக்கப்பட்டது 2017இல்தான்.

பாழடைந்த குடியிருப்பின்முன் நின்று கண்ணீர் உகுப்பது அரபுக் கவிஞரின் பழைய மரபு. இம்ரவுல் கைஸின் புகழ்பெற்ற கஸீதா அப்படித்தான் தொடங்குகிறது. நம் புறநானூற்றிலும் பாரி மகளிர் பறம்பை இழந்து பாடியது இருக்கிறது. அவர்கள் அழுதது கல்லுக்காக அன்று. அங்கு வாழ்ந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாதவருக்கு இடிபாடு வெறும் காட்சி. படிப்பினை பெறுவதற்கும் வேடிக்கை பார்ப்பதற்கும் உள்ள தூரம் இவ்வளவே என எண்ணுகிறோம்.

சில ஆண்டுகளுக்குமுன் மாணவர் சிலருடன் அங்கே சென்றிருந்தோம். மாதா கோயிலின் கூரையற்ற சுவரருகே படமெடுப்போர் கூட்டம். நம் பிள்ளைகளும் அதில் கலந்துகொண்டார்கள், நாமும் தடுக்கவில்லை. சற்றுத் தள்ளி ஒரு மூதாட்டி மணலில் தோண்டிய குழியிலிருந்து சிரட்டையால் நீர் முகந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கடலுக்கு அவ்வளவு அருகில் அந்நீர் இனித்தது. குடித்து முடித்ததும், "எந்த ஊரு ஐயா?" என்று கேட்டார். திண்டிவனம் என்றோம்.

"அங்க இன்னும் ரயிலு நிக்குதா?"

நிற்கிறது அம்மா என்றோம். தலையசைத்துவிட்டு மீண்டும் குழியின் பக்கம் குனிந்தார்.