கல்லின் பக்கம்

லின்னேயஸ் ட்ரைப் 1858இன் தொடக்கத்தில் எடுத்த யானைமலைப் புகைப்படத்தின் நகலைச் சிம்மக்கல்லில் ஒரு நண்பரின் அறையில் பார்த்தேன். காகித நெகடிவ் காலம் அது. ஒளி மெல்லத்தான் பதியும். நடந்து கடப்பவன் அதில் தங்குவது கடினம். நின்றது மலை மட்டும். பஸ்ஸில் நாம் அசிரத்தையாகக் கடந்துபோகும் ஒத்தக்கடைப் பக்கம், ஏதோ தொலைதேசம் போல் தெரிந்தது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம். எல்லோரும் எறும்பின் பக்கம். கல்லுக்காகப் பேச யாருமில்லை.

இந்தப் பக்கத்துக் கல் வரிவரியானது. வண்டல் போல் படிந்த வரிகள் அல்ல இவை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பூமியின் ஆழத்தில், வெப்பமும் அழுத்தமும் பிசைந்து உண்டாக்கியவை. மேலிருந்த பாரத்தை அரிப்பு நீக்கியதால்தான் பாறை வெளியே வந்தது. பாரம் குறைந்த பாறை இன்றும் ஏடேடாக உரிகிறது. மலையை அழிப்பதும் அரிப்பு, மலையை நமக்குக் காட்டியதும் அரிப்பு.

“அப்படியானால் குவாரிக்காரன் மட்டும் என்ன பாவம் செய்தான்? மெல்ல நடப்பதை அவன் சீக்கிரம் செய்கிறான்” என்றார் நண்பர். சுலபமாகத் தள்ளிவிட முடியாத கேள்வி. வேகம் மட்டுமே குற்றமாகிவிடாது. மாங்குளத்தில் சமணருக்குப் படுக்கை வெட்டி, நெடுஞ்செழியன் பெயரையும் பொறித்தார்கள். யானைமலையில் 770இல் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைந்தார்கள். உளி செய்ததும் காயம்தான்.

ஆனால் படுக்கை வெட்டியவனுக்கு மலை மிஞ்சியாக வேண்டும். மிஞ்சாவிட்டால் அவன் செய்த காரியத்துக்கே இடமில்லை. குவாரிக்கு மலை இல்லாமல் போவதுதான் லாபம். மழை கரைத்த கல் மண்ணாகிப் பொதுவில் யார் வயலுக்கோ போகிறது. அறுத்த கல்லுக்கு உடனே ஒரு சொந்தக்காரன் வந்துவிடுகிறான். 2012இல் அன்றைய ஆட்சியர் உ. சகாயத்தின் அறிக்கைக்குப் பிறகு நாம் அறியவந்த மேலூர்ப் பக்கத்துக் குழிகள், இந்த வித்தியாசத்தின் ஸ்தூலமான சாட்சி.

கல்லுக்காகப் பேச யாருமில்லை என்றது முழுக்கச் சரியில்லை. அரிட்டாபட்டியிலும் சுற்று ஊர்களிலும் ஜனங்கள் எழுந்து நின்றதால் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. அவர்கள் அந்த மலைகளின் அடியில் குடியிருப்பவர்கள்.

நான் நின்றுகொண்டிருந்தது நண்பர் வீட்டுக் கிரானைட் தரையில். வெள்ளையில் சாம்பல் வரிகள் ஓடின. படத்தைப் பார்க்குமுன் அவற்றைத்தான் ரசித்தேன். எங்கே வாங்கியது, என்ன விலை என்றும் விசாரித்தேன்.