அகம் 26, புறம் 33

எங்கள் தருமபுரிதான் பழைய தகடூர். அதன் அரசன் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். சங்கத் தொகைகளில் அவர் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறம் 33, அகம் 26. அகப்பாட்டு கவிஞரின் சொந்தக் கதையல்ல, மரபுதான். ஆனாலும் போரைப் பாடிய நாவுக்குக் காதலின் தவிப்பைப் பாட யாரும் தடை போடவில்லை.

நம் நினைவில் நிற்பதோ கோலூன்றிய கிழவி. பிற்கால ஔவைகளும் அவரோடு கலந்துவிட்டார்கள். மணம் வேண்டாமென்று பிள்ளையாரை வேண்டி ஓர் இளம்பெண் முதுமை வாங்கிய கதையை 1953இல் ஜெமினியின் படமும் காட்டியது. அவளுடைய மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மறுக்க அவளுக்கு இருந்த ஒரே வழி, தன் உடலையே விட்டுக்கொடுப்பது. அதியமானிடம் அந்த விலையை யார் கேட்டார்கள்?

"பிஎச்.டி. சேர்ந்தா மாப்பிள்ளை அமையாதுன்னு வீட்ல சொல்றாங்க மேடம்" என்கிறாள் என் மாணவி. வேலையையும் வாழ்வையும் சமன் செய்யும் சாமர்த்தியத்தை அவளுக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. தராசைப் பிடித்திருப்பது யார் கை என்று கேட்கத்தான் சொல்கிறேன். ஒரு வாழ்வில் அகமும் புறமும் இருப்பது பேராசை இல்லை.