சிறுவாடு பாவமா?



சென்ற வாரம் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். ராஜகோபுரத்திற்குச் சற்றுத் தள்ளி, கூடையில் பூ வைத்து விற்கும் ஒரு மூதாட்டியிடம் வீட்டு மாதா படத்திற்காக இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். கூடையின் பக்கத்தில், பணம் வந்துசேர்ந்ததும் தொகையை உரக்கச் சொல்லும் சிறு பெட்டி ஒன்று இருந்தது. நானும் போனை எடுத்தேன். அந்த அம்மாள் தயங்கி, "சில்லறையா இருந்தாக் குடுங்க தம்பி" என்றாள். "பெட்டிதான் இருக்கிறதே, அம்மா?" என்றேன். "பெட்டி எங்கிட்டத்தான் கத்துது. காசு மகன் கணக்குக்குல்ல போவுது" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வரும்போது, நம்முடைய பழைய வார்த்தை ஒன்று நினைவுக்கு வந்தது. சிறுவாடு! வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பெண்கள் சேர்த்து வைக்கும் பணத்திற்கு நம் பாட்டிமார் இட்ட பெயர் அது. அரிசிப் பானையின் அடி, கடுகு டப்பா, பழம்புடவையின் மடிப்பு, இவையே அதன் பாங்குகள். பாஸ்புத்தகம் கிடையாது, வட்டியும் கிடையாது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நள்ளிரவில் அந்தப் பாங்கு திறந்திருக்கும்.

இந்தப் பாங்குகள் எல்லாம் ஒரே நாளில் பகிரங்கமாகிவிட்ட சரித்திரம் நமக்குத் தெரியும். 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. மாற்றாமல் வைத்திருந்தால் வெறுங்காகிதம். மாற்றப் போனாலோ வீட்டில் சொல்லியாக வேண்டும். எங்கள் பாலக்கரை வீட்டில் என் தாயார் பழைய பால்பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார். 29 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். 14,500 ரூபாய்! நாங்கள் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தோம். பொன்மலை ரயில்வே பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்ற என் தகப்பனாரின் முகம் மட்டும் வாடிவிட்டது. "இத்தனை வருஷமா என்னை ஏமாத்தினியா?" என்றார். அம்மா சொன்ன பதில் இவ்வளவுதான்: "ஏங்க, ஆபத்துன்னு நீங்க கேட்டப்பல்லாம் எடுத்துக் குடுத்தேனே. அது எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

என் பரீட்சைக் கட்டணம் ஒரு வருஷம் அந்த டப்பாவிலிருந்துதான் வந்தது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

இப்போது கேள்விக்கு வருவோம். கணவனிடம் சொல்லாமல் பணம் சேர்ப்பது பொய்யா? பாவமா? பக்தியுள்ள பெண்கள் பலர் இதை மனத்தில் வைத்துக்கொண்டு உண்மையாகவே வருந்துவதுண்டு. ஆதலால் இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

முதலில், அந்தப் பணம் யாருடையது என்று பார்ப்போம். குவாலியரைச் சேர்ந்த இல்லத்தரசி ஒருவர் அந்த நோட்டுத்தடைக் காலத்தில் 2,11,500 ரூபாயைப் பாங்கில் கட்டினார். வருமானவரி இலாகா கணக்குக் கேட்டது. ஆக்ராவிலுள்ள வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் அந்த அம்மாளின் பக்கம் தீர்ப்பளித்தது. குடும்பப் பெண்கள் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணம் என்பது நம்பத்தக்கது என்று ஏற்றுக்கொண்டது. நமது சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் இதற்கு மேலும் ஒரு படி சென்றது. கணவன் சவுதி அரேபியாவில் சம்பாதிக்க, மனைவி இங்கே பிள்ளைகளையும் வீட்டையும் காத்து வந்த ஒரு குடும்பத்தின் வழக்கு அது. மனைவியின் வீட்டு உழைப்பு இல்லாமல் அந்தச் சொத்து சேர்ந்திராது என்று சொல்லி, அதில் அவளுக்குச் சரிபாதி உண்டு என்று தீர்த்தது. ஆகவே சிறுவாடு திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. தன் பங்கைத் தானே எடுத்து வைத்தவளைத் திருடி என்று யார் சொல்லலாம்?

சரி, திருட்டு இல்லை. ஆனால் மறைத்தாளே என்பீர்கள். மறைப்பது எல்லாம் ஒன்றல்ல. இன்றைக்குச் சில வீடுகளில் கணவன் போனில் பணம் கட்டிச் சீட்டாடுகிறான். தோற்றதை ஈடுகட்ட அதே போனில் கடன் வாங்குகிறான். சம்சாரத்திற்கு எதுவும் தெரியாது. இந்தக் கேட்டைத் தடுக்க 2023-ல் நம் மாநிலத்திலும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் சட்டம் செய்யும்படி ஆயிற்று. அவன் மறைத்ததும் மறைவுதான், என் தாயார் மறைத்ததும் மறைவுதான். வித்தியாசம் எங்கே? மறைத்தது வெளிவரும் நாளை எண்ணிப் பாருங்கள். ஒன்று வெளிவரும் நாளில் வீடு அடமானத்திற்குப் போகிறது. மற்றொன்று வெளிவரும் நாளில் வீடு மீண்டுவிடுகிறது. மனச்சாட்சியைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் என் தகப்பனாரின் வாடிய முகத்தையும் நான் மறக்கவில்லை. அவர் குடிகாரர் அல்ல, கொடியவரும் அல்ல. பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அவ ஏன் ஒளிச்சான்னு யோசிச்சேன்டா. எங்கிட்ட அஞ்சு ரூபா கேட்டாக்கூட எதுக்குன்னு கேட்டிருக்கேன்." சிறுவாடு பாவமா என்று கேட்பவர்கள், அதை ஒளிக்கும்படி செய்தது யார் என்பதையும் கூடவே கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

இப்போது அரிசிப் பானைக்குப் பதில் போன் வந்துவிட்டது. 2016-ல் அறிமுகமான யு.பி.ஐ. முறை காந்தி மார்க்கெட் கீரைக் கட்டு வரைக்கும் பரவிவிட்டது. சௌகரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு செய்தி வருகிறது. அது யாருடைய போனுக்கு வருகிறது? 2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கத் தொடங்கியது. பெயரிலேயே உரிமை இருக்கிறது. ஆனால் பாங்கு அட்டை கணவன் பையிலும், ரகசிய எண் மகன் தலையிலும் இருந்தால், அவளுக்கு மிஞ்சுவது அந்தப் பெயர் மட்டுமே. எல்லாம் எல்லோருக்கும் தெரிகிறது என்பதனால் அந்த வீட்டில் நம்பிக்கை வளர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். காவல் வேறு, நம்பிக்கை வேறு.

2024 ஜூலையில் உச்சநீதிமன்ற நீதிபதி பி.வி. நாகரத்தினா அவர்கள், சொந்த வருமானம் இல்லாத மனைவிக்குக் கணவன் பண வசதி செய்து தர வேண்டும், கூட்டுக் கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் கொடுக்கலாம் என்று ஒரு தீர்ப்பில் எடுத்துரைத்தார். நல்ல வழி. நான் அதனுடன் ஒன்று சேர்ப்பேன். அவள் எடுக்கும் சிறு தொகைக்குக் கணக்குக் கேளாதீர்கள்.

சுவிசேஷத்தில் வரும் ஏழை விதவையை நாம் எல்லோரும் அறிவோம். காணிக்கைப் பெட்டியில் அவள் இட்டவை இரண்டே சிறு காசுகள். அவள் வாழ்வதற்கு இருந்ததே அவ்வளவுதான். ஆனால் அது அவளுடையதாக இருந்தது. யாரையும் கேளாமல் போட்டாள். தன்னுடையது என்று சொல்ல ஒன்றுமில்லாதவள் தானம் செய்வது எப்படி? மகனைக் கூப்பிட்டு ரகசிய எண்ணைக் கேட்டுத்தான் பத்து ரூபாய் காணிக்கை போட வேண்டும் என்றால், கொடுத்தவன் மகனா, தாயா?

ஆகையால் வாசகரே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். தாயார் அல்லது மனைவியின் பெயரில் உள்ள பாங்கு அட்டை உங்கள் பையில் இருந்தால், அதை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். பணம் எடுக்கத் தெரியாவிட்டால் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். எதற்கென்று கேட்காதீர்கள்.

அந்த மூதாட்டியிடம் நான் கடைசியில் சில்லறையாகத்தான் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். பெட்டி சத்தம் போடவில்லை.