குடற்கறியும் பலியும்

ஆட்டின் இருதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் கொத்தி, ஓட்ஸ் நொய்யும் கொழுப்பும் வெங்காயமும் கலந்து, ஆட்டின் இரைப்பைக்குள்ளேயே அடைத்து வேகவைக்கும் ஹாகிஸ் என்னும் பண்டத்தை, 1786இல் ராபர்ட் பர்ன்ஸ் கவிதை பாடிச் சிறப்பித்த நாள் முதலாக ஸ்காட்லாந்து மக்கள் தங்கள் தேசீய உணவென்று கொண்டாடுகிறார்கள். ஆனால், ஆட்டு இரைப்பையில் ரத்தமும் கொழுப்பும் அடைத்துச் சுடுவதை ஹோமரே பாடியிருக்க, இதற்கு ஒரு தேசம் உரிமை கோருவது வீண் வழக்கு.

இதன் மூலத்தைப் பலிபீடத்தருகே தேடுவதே பொருத்தம். நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த சீமையில், கருப்பணசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயின்மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் உத்தரவு கிடைத்ததென்று அரிவாளை ஓங்குவார்கள். பண்டைக் கிரேக்கரும் பலிமிருகத்தின்மீது நீர் தெளித்து, அதன் தலையசைப்பைச் சம்மதமாகக் கொண்டனர். உள்ளுறுப்புகளையே முதலில் சுட்டு, அவ்விடத்திலேயே உண்டனர். வைதிகப் பசுயாகத்திலும் வபை என்னும் குடற்கொழுப்பே அக்கினிக்கு முதலில் போகிறது. முதலில் கெட்டுப்போவதும் உள்ளுறுப்புகளே என்னும் லௌகிக காரணத்தையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும். ஆயினும், கொல்லுமுன் அதனிடம் சம்மதம் கேட்கத் தோன்றியதே, அந்த மனச்சாட்சியை நான் அற்பமாக எண்ணவில்லை. ரத்தத்தைச் சட்டியில் பிடித்து உறையவிட்டுச் சின்ன வெங்காயத்தோடு பொரிக்கிறார்கள்; சுவரொட்டி என்னும் மண்ணீரலைச் சோகை பிடித்த பிள்ளைக்கென்று எடுத்துவைக்கிறார்கள்; குடலை வெந்நீரில் முக்கி, வழித்து, உட்புறத்தை வெளியே திருப்பி, மஞ்சளும் உப்பும் போட்டு, வாடை போகுமட்டும் அலசுகிறார்கள். இந்த வேலையைச் செய்தவருக்குத் தாம் உண்பது ஒரு ஜீவனின் வயிறு என்பது மறக்காது; எலும்பில்லாக் கறியைப் பொட்டலமாக வாங்குகிறவருக்கோ அந்த மறதி இனாமாகக் கிடைக்கிறது.

இதனால் கொலை தர்மமாகிவிடுமா? ஆகாது. வேள்விகள் பல செய்வதினும் ஓருயிரைக் கொன்று தின்னாமை மேலென்று கண்டவர் வள்ளுவர். பசுவுக்கும் சமாதி அமைத்த ரமண மகரிஷி 1879இல் பிறந்ததும் இதே திருச்சுழியில்தான். ஒரு துணுக்கும் வீணாக்காமல் உண்பவர் பாவத்தைக் கழுவிக்கொள்வதில்லை, அதை மறைக்காமல் இருக்கிறார், அவ்வளவே.

1950இல் இயற்றப்பட்டு உறங்கிக்கிடந்த உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003இல் தமிழக அரசு முடுக்கிவிட்டபோது, கோயில் வாசலில் வெட்டுவது குற்றமாயிற்று, கறிக்கடையில் வெட்டுவது தொழிலாகவே நின்றது. மறு வருஷமே அச்சட்டம் ரத்தாயிற்று.