சூலமில்லா மரம்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள தீவுகளில் நிழல்மரம் எளிதில் வாய்ப்பதொன்றன்று. சுண்ணக்கற் பாறைமேற் படிந்த மெல்லிய மண்ணும் உவர்நீரும் கடற்காற்றும், பனையைத் தவிரப் பலவற்றை ஓங்கவிடுவதில்லை. ஆதலின், வளவில் வேம்போ புளியோ ஒன்று நிலைபெற்றுவிடின், அது வீட்டாருள் ஒருவராகவே எண்ணப்படும். அதனடியிற் சூலமொன்று நாட்டப்பட்டு, வைரவர் குடிகொள்ளுதலும் உண்டு. இவ்வாறு மரத்தோடு மனிதன் உணரும் உறவு எத்தகையது? தெய்வத்தின்பாற் கொண்ட அச்சமா, பழக்கத்தால் விளைந்த பற்றா, அன்றி உண்மையான ஆன்மத் தொடர்பா?

இவ்வினாவுக்கு உதவும் பழங்கதையொன்று மகாவம்சத்தின் முதலதிகாரத்திற் காணப்படுகின்றது. மணியாசனம் பற்றிப் பூசலிட்ட நாக அரசர் இருவரையும் அமைதிப்படுத்தப் புத்தர் நாகதீபம் வந்தபோது, சமித்திசுமணன் என்னும் தேவன் இராஜாயதன மரமொன்றைக் குடையாகப் பிடித்து வந்தானாம். நாகதீபம் என்னும் பெயர் முற்காலத்திற் குடாநாட்டையும் குறித்ததென்பர். வழக்கில் அது நயினாதீவுக்கே உரியதாயிற்று. தீவு எவருக்குரியது என வாதிடுவோர் இக்கதையைப் பலகால் எடுத்தாண்டுள்ளனர். மரத்தை மட்டும் மறந்துவிட்டனர்.

அத்தேவன் முற்பிறப்பில் நாகதீபத்து மனிதன். பின்னர் அம்மரம் நின்ற இடத்திலே பச்சேகபுத்தர்கள் உணவருந்தக் கண்டு மகிழ்ந்து, பாத்திரம் துடைக்கக் கிளைகள் கொடுத்தான். அதன் பயனாக அம்மரத்திலேயே தேவனாய்ப் பிறந்தான் என்கிறது நூல். அவன் மரத்தை வணங்கியதாகக் கதை கூறவில்லை. அவ்விடத்தில் ஒரு சிறு பணி செய்தான். அப்பணியே அவனை மரத்தோடு பிணித்தது. சேதவனத்து வாயிலில் நின்ற அம்மரம், அவனோடு பிறந்த மண்ணுக்கே மீண்டு, நாகர் வழிபட விடப்பட்டது.

நற்றிணையின் 172ஆம் பாடல் வேறொரு வாயிலாக இவ்விடத்துக்கே வருகின்றது. விளையாட்டில் மணலுள் அழுத்தி மறந்த விதையொன்று புன்னையாய் முளைக்கிறது. சிறுமியர் நெய்யும் பாலும் பெய்து வளர்க்கின்றனர். தாயோ அதனை அவர்தம் தங்கை என்கிறாள். ஆதலால் அதன் நிழலிற் காதலனோடு நகையாட நாணுகின்றனர். ஈண்டு உறவு ஆறுதலாக வரவில்லை, கட்டுப்பாடாக வருகின்றது. மரத்தின்முன் ஒன்றைச் செய்யக் கூசாதவன் அதனோடு தொடர்புண்டெனக் கூறுவது வெறும் மனநெகிழ்ச்சியே.

எல்லாத் தாவரமும் உயிரே என்னும் சைவத்தில், தன் வளவு மரத்திற் சிறப்பன்பு கொள்ளுதல் பற்றாகாதோ எனின், ஆகலாம். எனினும், நீரூற்றிய கைக்கும் ஊற்றாத கைக்கும் கடன் ஒன்றாகாது. நெடுந்தீவின் பெருக்கமரம் ஆபிரிக்க இனத்தது. அராபிய வணிகர் கொணர்ந்ததென்பர். காண வருவோர் அதன் பொந்தினுட் புகுந்து வியந்து திரும்புகின்றனர். அவர்க்கு அம்மரத்தோடு என்ன கடன்?

1990, 1991ஆம் ஆண்டுகளிற் போரினால் வேலணை, ஊர்காவற்றுறை முதலிய இடங்களினின்று மக்கள் பெயர்ந்தனர். கூரையும் வேலியும் அழிந்த வளவுகளை, மீண்டோர் பலர் கிணற்றைக் கொண்டும் மரத்தைக் கொண்டுமே இனங்கண்டனர். மீளாதோர் வளவுகள் சில இன்று விலைபோகின்றன. சூலமுள்ள மரத்தைத் தறிக்க வாங்குவோன் அஞ்சுகிறான். சூலத்தை வேறிடத்திற் பெயர்த்து நாட்டியபின் தறிப்பாரும் உளர். அம்முறையிலே தெய்வத்துக்கு ஒரு மரியாதை உண்டு; மரத்துக்கு எதுவும் இல்லை. சூலமில்லா மரத்துக்கோ அதுவும் இல்லை. காலையில் ஒருவன் கோடரியோடு வருகிறான், மாலைக்குள் விறகாகிவிடுகின்றது.

தறிக்கவே கூடாதென்பது பொருந்தாது. கிணற்றுக் கட்டை வேர் பிளந்தால் வேறென் செய்வது? ஆயின் அம்மரத்தை நட்டு நீரூற்றிய முதியவர் எங்கேனும் உயிரோடிருப்பின், கனடாவிலாயினும் இலண்டனிலாயினும், கோடரி விழுமுன் அவரிடம் ஒரு சொல் கேட்டல் வேண்டும். வேண்டாமென்று அவர் கூறின், சூலம் இல்லையென்பதனாற் கைவைக்க நியாயமில்லை.